உத்தியோகமும் மனநிறைவும்



வேலை கிடைக்காதவன் ஏன் வருந்துகிறான் என்று எவரும் வினவுவதில்லை. வேலை கிடைத்தவன், அதுவும் நூறு பேர் விண்ணப்பித்த இடத்தைத் தான் ஒருவனாகப் பெற்றவன், மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் முகம் வாடி, திங்கட்கிழமை என்றாலே உள்ளம் சோர்ந்து, ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டு உண்டென்று விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறானே, அது ஏன் என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய வினா. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவைச் சேர்ந்த கலப் நிறுவனம், 2024ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், உலகெங்கும் தம் வேலையில் மனமொன்றி ஈடுபடுவோர் நூற்றுக்கு 21 பேரே என்று கணித்தது. இத்தகைய கணக்குகளை அளவுக்கு மிஞ்சி நம்புதல் தகாது. மனநிறைவு தராசில் வைத்து நிறுக்கும் பண்டமன்று. ஆயினும் கச்சேரியிலும் வங்கியிலும் பாடசாலையிலும் நாம் நாள்தோறும் காணும் முகங்கள் அந்தக் கணக்கைப் பொய்யென்று சொல்லவில்லை.

நம்மவரிடையே இரண்டு பழமொழிகள் உண்டு. 'அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்' என்பது ஒன்று. அரண்மனைகள் மறைந்து ஆங்கிலேயர் கச்சேரிகள் எழுந்தபின், 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்று அதுவே புதிய உரு எடுத்தது. இவ்விரண்டு பழமொழிகளிலும் ஒரு புதுமையைக் காணலாம். என்ன வேலை என்பதைப் பற்றி இரண்டுமே கவலைப்படவில்லை. கோழி மேய்ப்பதில் ஒருவனுக்கு விருப்பம் உண்டா, அதில் அவன் வல்லவனா என்ற வினாவே அங்கு எழவில்லை. எவரிடம் வேலை என்பதே முழு விடயமும். தொழிலை விலக்கி வைத்துவிட்டு, அதைச் சூழ்ந்திருக்கும் பாதுகாப்பையும் மதிப்பையும் மட்டும் விரும்பும் மனப்பாங்கை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

இந்த மனப்பாங்கை மடமை என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. 1833ஆம் ஆண்டில் கோல்புறூக் ஆணைக்குழுவின் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தபோது, ஆங்கிலம் கற்ற இலங்கையருக்கு அரசாங்க சேவையின் கதவு சிறிது திறந்தது. வானத்தை நம்பி நெல் விதைத்தவனும் கடலை நம்பி வலை வீசியவனும், மாதம் முடிந்ததும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சம்பளம் பெறும் ஒரு புதிய மனிதனைத் தம் ஊரிலேயே அப்போதுதான் கண்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் மலாயாவுக்குக் கப்பலேறியதும், அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையால் ஊரில் கல்வீடுகள் எழுந்ததும் வரலாறு. அதைவிட ஆழமான காரணமும் ஒன்றுண்டு. பிறப்பினால் ஒரு தொழில் விதிக்கப்பட்டு, அத்தொழிலினாலேயே இழிவும் விதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, மேசையும் நாற்காலியும் வெறும் சௌகரியப் பொருள்கள் அல்ல, அவை விடுதலை. ஆகவே மகனுக்கு அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்று ஏங்கும் தகப்பனைப் பார்த்து நகைக்க எவருக்கும் உரிமையில்லை.

நான் அதிபராகப் பணியாற்றுவது மதுரங்குளிக்கு அண்மையில், கனமூலையை அண்டிய கரையோரப் பகுதியிலே. தென்னந்தோப்பும் இறால் பண்ணையும் மீன்பிடியும் எங்கள் மக்களுக்குச் சோறு போடுகின்றன. சிறிது வடக்கே சென்றால் புத்தளத்து உப்பளங்கள். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் பல வீடுகளின் கூரையைத் தாங்கி நிற்கிறது. 'எதிர்காலத்தில் நான்' என்ற கட்டுரையைப் பத்தாம் வகுப்பில் எழுதச் சொன்னால், வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், வங்கி முகாமையாளர் என்று எழுதுவார்கள். தென்னையைப் பற்றியோ இறாலைப் பற்றியோ உப்பைப் பற்றியோ ஒரு வரியும் இராது. இத்தனைக்கும், இறால் குளத்தில் நீரின் நிறம் மாறினால் என்ன செய்ய வேண்டுமென்று என்னைவிட நன்றாக அறிந்த மாணவர் அதே வகுப்பில் இருக்கிறார்கள். தாம் அறிந்ததை அவர்கள் அறிவென்று கருதுவதில்லை. அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களும் இல்லை.

இனி, நாட்டின் கதைக்கு வருவோம். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலங்கையில் இலவசக் கல்வி மலர்ந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை ஏழையின் பிள்ளையும் கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு ஆசியாவிலேயே அரிதாக இருந்த காலம் அது. ஆனால் கல்வி விரிந்த வேகத்தில், கற்றவர் எதிர்பார்த்த வகையான வேலை விரியவில்லை. இதனை ஆராயச் சர்வதேசத் தொழில் அமைப்பு, டட்லி சீயர்ஸ் என்ற பொருளியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழுவை இங்கு அனுப்பியது. அக்குழுவின் அறிக்கை 1971ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வேலை இல்லை என்பது பிரச்சினையின் ஒரு பாதி. கற்றவர் எதிர்பார்க்கும் வேலையும் நாட்டில் உள்ள வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது மறு பாதி என்று அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதே 1971 ஏப்பிரலில், பெரும்பாலும் தென்னிலங்கைக் கிராமங்களில் கற்றுத் தேர்ந்த இளைஞர் ஆயுதம் ஏந்தினர். எண்பதுகளின் இறுதியில் இரண்டாம் முறையும் இரத்தம் சிந்தியபின், 1990ஆம் ஆண்டில் இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு அறிக்கை சமர்ப்பித்தது. ஆங்கிலத்தைத் தங்களை வெட்டும் வாள் என்றே கிராமத்து இளைஞர் அழைத்தார்கள் என்ற செய்தி அக்காலத்தில் பலரையும் உலுக்கியது. பொருத்தமின்மை என்பது மனவருத்தத்தோடு நின்றுவிடும் சிறு குறையன்று என்பதற்கு இந்த இரண்டு காலங்களும் சாட்சி.

இதற்கு அரசாங்கங்கள் கண்ட மருந்து என்ன? வேலையற்ற பட்டதாரிகளைத் திரட்டி, ஒரேயடியாக அரசாங்க சேவையில் சேர்த்துவிடுவது. இது பலமுறை நடந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ஏறக்குறைய ஐம்பதாயிரம் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவில் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். பயிற்சிக்குப்பின் அவர்களுட் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரைப் பெற்றுப் பிரதேச செயலகங்களிலும் திணைக்களங்களிலும் பாடசாலைகளிலும் அமர்த்தப்பட்டனர். நானும் கலைப்பட்டதாரி, பட்டம் பெற்றும் வேலையின்றி இருக்கும் வீட்டின் மௌனம் எத்தகையது என்பதை அறிந்தவன். ஆகவே அவர்களுக்கு வேலை கொடுத்ததைக் குறைகூற மாட்டேன். கொடுத்தது வேலைதானா என்பதே என் ஐயம். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. இன்னாருக்கு இன்ன காரியம் பொருந்தும் என்று ஆராய்ந்து ஒப்படைப்பதே அதன் பொருள். இங்கோ ஆளும் வந்தார், நாற்காலியும் வந்தது, சில இடங்களில் நாற்காலிகூடப் பிந்தித்தான் வந்தது, வினைமட்டும் வரவேயில்லை.

எங்கள் பாடசாலைக்கும் மூவர் வந்தனர். காலையில் கையொப்பம், மாலையில் கையொப்பம். இடைப்பட்ட நேரத்தில் ஆசிரியர் அறையின் மூலையிலே ஒரு வாங்கில் அமர்ந்திருப்பார்கள். கற்பிக்க அவர்களுக்கு நியமனம் இல்லை. அலுவலக வேலைக்கு ஏற்கனவே ஆள் உண்டு. சோம்பலாய் இருந்து சம்பளம் பெறுவது சுகமென்று வெளியில் உள்ளவர் நினைப்பர். அந்த மூவரின் முகத்தை ஒருநாள் பார்த்திருந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். தான் வராவிட்டால் ஒரு காரியமும் நின்றுவிடாது என்று அறிந்துகொண்டே நாள்தோறும் ஓரிடத்துக்கு வருவது ஒருவகைத் தண்டனை. அவர்களுள் ஒரு சகோதரி புவியியல் பட்டதாரி. ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கூட்டிக்கொண்டு, ஊர்க் கிணறுகளில் எவை எந்த மாதத்தில் உவர்க்கின்றன என்று குறித்து ஒரு வரைபடம் தயாரிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டோம். எட்டு மாதங்களில் வரைபடம் ஆயிற்று. கிணறு வெட்ட எண்ணியிருந்தவர்கள் பாடசாலைக்கு வந்து அதைப் பார்த்துச் சென்றார்கள். அதே சம்பளம், அதே பதவிப் பெயர். ஆனால் பள்ளி விட்டபின்னும் அவர் வீடு செல்ல மனமின்றி மேசையில் குனிந்திருந்ததைக் கண்டேன். அவருடைய நியமனப் பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆசிரியர் சேவையில் தம்மைச் சேர்க்குமாறு அவரும் ஏனையோரைப் போலவே கேட்டு நின்றார். கேட்டதில் நியாயமும் உண்டு.

இங்கு ஓர் ஆராய்ச்சியை நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தை அண்டிய பகுதியில் ஏறக்குறைய இருநூறு பொறியியலாளரையும் கணக்காளரையும் ஹேர்ஸ்பேர்க் என்ற உளவியலாளரும் அவருடைய துணைவரும் சந்தித்து, வேலையில் உங்களுக்கு மிக மகிழ்ச்சி தந்த சமயம் எது, மிக வெறுப்புத் தந்த சமயம் எது என்று கேட்டனர். முடிவுகள் 1959ஆம் ஆண்டில் நூலாயின. மகிழ்ச்சிக்குக் காரணமாக அவர்கள் சொன்னவை: ஒரு காரியத்தைச் செய்து முடித்தமை, அது பிறரால் உணரப்பட்டமை, அந்தக் காரியத்தின் சுவை, பொறுப்பு. வெறுப்புக்குக் காரணமாகச் சொன்னவை: சம்பளம், மேலதிகாரியின் போக்கு, நிறுவனத்தின் விதிகள், வேலைசெய்யும் சூழல். மனிதர் தம் வெற்றியைத் தமக்கும் தோல்வியைப் பிறருக்கும் உரிமையாக்குவது இயல்பாதலால் இந்த முடிவு இவ்வளவு கச்சிதமாக வந்தது என்று பின்வந்த அறிஞர் மறுத்ததும் உண்டு. அந்த மறுப்பில் உண்மையும் இருக்கிறது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியவில்லை. ஒரு வேலையைச் சூழ்ந்திருப்பது ஒன்று. அந்த வேலைக்குள் இருப்பது மற்றொன்று. முன்னதைத் திருத்தினால் முணுமுணுப்பு அடங்கும். அதனாலேயே மனம் நிறைந்துவிடாது. நம் பழமொழிகள் முன்னதை மட்டும் கண்டன. அரசாங்கங்களும் அதையே வழங்கின.

அப்படியாயின் வேலைக்குள் சுவை இருந்தால் போதுமா? போதாது என்பதை அறிய உப்பளத்துக்குச் சென்று பார்க்கலாம். களப்பு நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். முன் பாத்திகளில் சுண்ணமும் ஜிப்சமும் அடியிற் படிந்துவிட, செறிந்த நீர் கடைசிப் பாத்தியை அடைந்து உப்பாக விளைகிறது. நீரை எப்போது மாற்றுவது என்பதில் இருக்கிறது நுட்பம். முந்தினால் உப்பில் மாசு கலக்கும்; பிந்தினால் உப்போடு கசப்பு உப்புகளும் சேரும். பழகிய தொழிலாளி நீரைப் பார்த்தே பதம் சொல்கிறான். ஒரு பெருமழை வந்தால் விளைந்ததெல்லாம் கரைந்து போகும். 2024இன் பிற்பகுதியில் பெய்த மழையால் விளைச்சல் குன்றி, கடல் சூழ்ந்த இந்தத் தீவு 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்து, அதன்பின்னும் கடைகளில் உப்பின்றித் தவித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உப்பு வாருபவன் ஒருவன் நாட்டுக்கு எவ்வளவு வேண்டியவன் என்பதை அந்த மாதங்கள் காட்டின. ஆனால் அவன் மகிழ்ச்சியுடன் இருக்கிறானா? வெண்மையான பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. உப்பு நீர் காலின் வெடிப்புகளில் எரிகிறது. மழைநாளில் கூலி இல்லை. தன் மகன் இங்கு வரக்கூடாது என்பதே அவன் பிரார்த்தனை. உழைப்பின் உயர்வைப் பற்றி மேடையில் பேசுவோர் ஒரு பகல் அந்தப் பாத்தியில் நின்றுவிட்டுப் பேசினால் நன்று.

தனியார் துறையில் மாதச் சம்பளம் பெறுவோருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1987இல் கமக்காரருக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டத்தால் வகுக்கப்பட்டன. எனினும் கரைவலையில் பங்குக்குக் கயிறு இழுப்பவனும் கூலிக்குத் தேங்காய் உரிப்பவனும் முதுமையில் பெறக்கூடியதை, அபிவிருத்தி உத்தியோகத்தரின் எதிர்காலத்தோடு ஒப்பிடவே இயலாது. ஆக நம் நாட்டில் நேர்ந்திருப்பது இதுதான்: பாதுகாப்பு ஒரு சாராரிடம், பயனுள்ள வேலை மற்றொரு சாராரிடம் என்று பிரிந்து கிடக்கின்றது. முதலாமவர் வெறுமையினால் வாடுகிறார். இரண்டாமவர் அச்சத்தினால் வாடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பொறாமை கொள்ளவும் தவறுவதில்லை.

இரண்டும் ஒருங்கே வாய்த்தவரிடமும் ஒரு குறை எஞ்சி நிற்பதைக் காண்கிறோம். இலண்டனில் பிரித்தானிய அரசாங்க அலுவலரை 1967 முதல் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். அவர்களெல்லாம் நிரந்தர உத்தியோகத்தர். பட்டினி கிடப்பவர் எவருமில்லை. அப்படியிருந்தும் பதவிப் படியில் கீழே நின்றவர், மேலே நின்றவரைவிட இதய நோயினால் மிகுதியாக இறந்தனர். புகைத்தல் முதலிய பழக்கங்களைக் கணக்கிற் சேர்த்த பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை. 1985ஆம் ஆண்டில் தொடங்கி 10,308 அலுவலரைக் கொண்டு மைக்கல் மார்மட்டும் அவர்தம் குழுவினரும் நடத்திய இரண்டாம் ஆராய்ச்சி, காரணங்களுள் ஒன்றை இனங்கண்டது. தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தனக்கு ஒரு சொல்லும் இல்லாதவனுக்கே இதய நோயின் ஆபத்து மிகுதி. மேலதிகாரிக்குத்தான் பொறுப்பின் பாரம் நெஞ்சை அடைக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். கோப்பை எடுத்துச் செல்பவனின் நெஞ்சுதான் முதலில் தளர்ந்தது.

என் சொந்தத் தொழிலிலும் இதைக் காண்கிறேன். 1997ஆம் ஆண்டிலிருந்து தீராதிருந்த சம்பள முரண்பாட்டை முன்வைத்து, 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை இந்நாட்டின் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். கோரிக்கை சம்பளத்தைப் பற்றியது, அது நியாயமானதே. ஆனால் ஓய்வுநேரத்தில் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசுவதைக் கேட்டால், சம்பளத்துக்கு அடுத்தபடியாக வருவது படிவங்களைப் பற்றிய பேச்சு. ஒரே தகவலை மூன்று அலுவலகங்களுக்கு மூன்று விதமாக எழுதி அனுப்புவது. தம்மிடம் ஒரு சொல்லும் கேளாமல் பாடத்திட்டம் மாறுவது. பரீட்சை முடிவைக் கொண்டே தம் உழைப்பு முழுவதும் நிறுக்கப்படுவது. நல்ல பாடமொன்றை நடத்திவிட்டு வகுப்பறையை விட்டு வெளியேறும் ஆசிரியரின் முகத்தையும், படிவத்தை நிரப்பி முடித்த அதே ஆசிரியரின் முகத்தையும் ஒரே நாளில் காணும் பேறு அதிபர்களுக்கு உண்டு.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மற்றொரு செய்தி வெளிப்பட்டது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகமின்றி, சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு சென்று உழைக்க அரசாங்க உத்தியோகத்தருக்கு அந்த யூன் மாதத்தில் அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டில் எல்லாத் துறைகளிலுமிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைதேடிக் கடல் கடந்தனர். சென்றவர்களை விரட்டியது விலைவாசி என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து பேசுகிறவர்கள் வெப்பத்தையும் தனிமையையும் சொல்லி வருந்தும்போதே, 'இங்கு வேலை செய்தால் செய்ததாகத் தெரிகிறது' என்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் ஒருவரிடமன்று, பலரிடம் கேட்டிருக்கிறேன்.

செய்யத்தக்கது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். பெரிய திட்டங்களைச் சொல்ல நான் பொருளியல் அறிஞனல்லன். ஒன்று, மழைநாளில் கூலி இழப்பவனுக்கும் முதுமையில் ஒரு பிடிப்பு வேண்டும். அது உறுதியாகும்வரை, பிள்ளைகளை மேசையை நாடாதே என்று சொல்வது வீண். மற்றொன்று, ஒருவரைப் பணியில் அமர்த்தும் முன்பே அவருக்குரிய கடமைப் பட்டியல் எழுதப்பட வேண்டும். பணியேற்ற பின், அந்தப் பட்டியலைத் திருத்துவதில் அவருடைய கருத்தும் கேட்கப்பட வேண்டும். இதற்குப் பணச் செலவு இல்லை. அதனாலேதானோ என்னவோ எவரும் இதைத் திட்டமாகக் கருதுவதில்லை.

பாடசாலைகளின் பங்கும் உண்டு. 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பத் துறை புதிதாகச் சேர்க்கப்பட்டது. தொழிற் தகைமைக்கு ஏழு படிகள் வகுக்கப்பட்டு, கைத்தொழில் கற்றவனும் படிப்படியாகப் பட்டத்துக்கு நிகரான தகைமை வரை ஏறலாம் என்றாயிற்று. வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் பெறுபேறு வந்த மறுநாள் என் அலுவலகத்துக்கு வரும் பெற்றார், 'சேர், இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?' என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். பிள்ளையோ பக்கத்தில் தலைகுனிந்து நிற்பான். எதைச் செய்யும்போது உனக்கு நேரம் போவது தெரிவதில்லை என்று அவனிடம் நான் கேட்பது வழக்கம். சென்ற முறை ஒரு பையன் தகப்பனாரைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, பண்ணையில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும்போது என்றான். தகப்பனார் இறால் பண்ணையில் இரவுக் காவல் செய்பவர். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, அந்தத் தொழில்நுட்பப் படிவத்தை ஒருமுறை காட்டுங்கள் சேர் என்றார்.